சின்ன கேமராவும் தேங்காத் தண்ணியும்

போன மாசம் அக்கா மக வீட்டுக்கு வந்திருந்தா. காலேஜ் படிக்கிற புள்ள, வந்ததும் வராததுமா என்னோட ட்ரை கேபினெட் (கேமராவுக்கு ஈரம் புடிக்காம வைக்கிற அலமாரி) முன்னால சம்மணம் போட்டு உக்காந்துக்கிட்டு "மாமா, இதுல உங்களுக்கு வேணாத கேமரா எது"ன்னு கேட்டா. வேணாத கேமரான்னு ஒன்னு இருந்தா அது ஏன் கேபினெட்டுக்குள்ள இருக்கப் போகுது. ஆனா அவ கண்ணு பெரிய கேமரா மேல எல்லாம் போகல, கீழ்த்தட்டுல ஓரமா கெடந்த ஒரு பழைய கம்பேக்ட், அதாவது பாக்கெட் கேமரா மேல இருந்துச்சு. நான் 2010-ல வாங்குனது. ஃப்ளாஷ் போட்டு எடுத்தா மூஞ்சி வெள்ளையா, பின்னால எல்லாம் கும்மிருட்டா ஒரு லுக் வரும் பாருங்க, அந்த லுக்தான் இப்ப புள்ளைங்களுக்கு வேணுமாம். அந்த லுக் வரக்கூடாதுன்னு நான் அஞ்சு வருஷம் போராடுனேன்னு சொன்னா சிரிக்கிறா.

சரி அது கெடைக்காதுன்னு தெரிஞ்சதும் "அப்ப காசு சேத்து புதுசா ஒன்னு வாங்குனா எது வாங்கலாம்"னு கேட்டா. அவ்ளோதான், ரெண்டு மணி நேரம் பேசியிருக்கேன். நடுவுல வீட்டுக்காரம்மா வந்து டீய வச்சுட்டு "ஏங்க, இத எழுதிக் குடுத்துருந்தா அவளும் படிச்சுக்குவா, எனக்கும் டிவி சத்தம் கேட்டிருக்கும்"னு சொல்லிட்டுப் போனாங்க. அதான் எழுதுறேன்.

மொதல்ல ஒன்னு. கம்பேக்ட்டுன்னு நான் சொல்றது கல்யாண வீட்டுல சித்தப்பா கையில இருந்த 300 வெள்ளி (ரிங்கிட்) கேமரா இல்ல. ரா ஃபைல் (கேமரா தானா கை வைக்காத படம்) எடுக்கும், எஃப் ஸ்டாப் (லென்ஸ் எவ்ளோ தொறக்குதுங்கிற எண்ணு, சின்ன எண்ணுன்னா நிறைய வெளிச்சம்), ஷட்டர் (எவ்ளோ நேரம் வெளிச்சம் விடுதுங்கிறது) எல்லாம் நாமளே திருப்பி வைக்கலாம், படம் பதியிற சென்சார் கொஞ்சம் பெருசா இருக்கும், அந்த மாதிரி கிறுக்குப் புடிச்ச ஆளுங்களுக்குன்னே செஞ்ச கம்பேக்ட். 2010 வாக்குல உலகம் முழுக்க வருஷத்துக்கு 10 கோடிக்கு மேல கம்பேக்ட் கேமரா கப்பல் ஏறுச்சு, 2023-ல அது 20 லட்சத்துக்கும் கீழ. ஹேண்ட்போன் முழுங்கிருச்சு. முழுங்குனதுல செத்தது பெரும்பாலும் சீப்பான கேமராங்கதான், வெல கூடுனதுதான் அதிகமா தப்பிச்சு நிக்குது, அதனாலதான் இப்ப கடையில போயி கம்பேக்ட்னு கேட்டா சொல்ற வெலைக்கு நமக்கு மயக்கம் வருது.

சென்சார் கதையச் சொல்லாம முடியாது, சுருக்கமா சொல்லிடுறேன். அந்தக் காலத்து சாதாரண கம்பேக்ட்ல சென்சார் 6.2-க்கு 4.6 மில்லிமீட்டர், சுண்டுவிரல் நகத்தவிடச் சின்னது. 2012-ல சோனி ஆர்எக்ஸ்100 வந்தப்ப 13.2-க்கு 8.8 மில்லிமீட்டர் சென்சார ஒரு பாக்கெட் கேமராக்குள்ள வச்சாங்க, பரப்பளவு பாத்தா நாலு மடங்கு, நாங்க எல்லாம் வாயப் பொளந்துட்டோம். இத 1 இன்ச் சென்சார்னு சொல்லுவாங்க. ஸ்கேல் வச்சு அளந்தா எந்தப் பக்கமும் ஒரு இன்ச் வராது, குறுக்கால அளந்தாலும் 16 மில்லிமீட்டர்தான். பழைய வீடியோ கேமரா ட்யூப்போட வெளிச்சுத்து அளவ வச்சு வந்த பேரு, இன்னும் ஓடிக்கிட்டு இருக்கு. ரிக்கோ ஜிஆர், ஃபுஜி எக்ஸ்100 இதுங்கள்ல இருக்கிறது ஏபிஎஸ்-சி, லென்ஸ் மாத்துற பெரிய கேமரா நிறையதுல இருக்கிற அதே சைஸ், 1 இன்ச்சவிட மூணு மடங்கு.

"அப்ப போன் போதாதா மாமா?" நியாயமான கேள்விதான். 1 இன்ச் சென்சார் வச்ச போனே கடையில விக்கிது. பகல்ல இங்க பினாங்குல கர்னி பக்கம் கடலப் பாத்து போன்ல ஒன்னு, 1 இன்ச் கம்பேக்ட்ல ஒன்னு எடுத்து வாட்சப்ல அனுப்புனா எது எதுன்னு யாராலயும் சொல்ல முடியாது, என்னாலயும் முடியாது. ராத்திரில போன் நாலஞ்சு படத்த அதுவா எடுத்து அதுவா ஒட்டிக் குடுக்கும், கம்பேக்ட் ஒத்தப் படம்தான், நிறைய நேரம் போன்தான் ஜெயிக்கும். இத ஒத்துக்காம கேமரா பத்தி பேசுற ஆளுங்கள எனக்குப் புடிக்காது.

ஆனா எங்க அம்மா மூஞ்சி. அம்மா நல்ல கறுப்பு, நெத்தில பட்டையா விபூதி, அதுக்கு நடுவுல குங்குமம். என் போன்ல எடுத்தா அது தானா ஒரு முடிவு பண்ணி அம்மாவ ரெண்டு ஷேடு வெளுக்க வச்சிருது, கன்னத்துல இருக்கிற சுருக்கத்த எல்லாம் மாவு பூசுன மாதிரி தேச்சு விட்டுருது, விபூதியும் தோலும் ஒன்னாப் போயிருது. அது யாரோ ஒரு அம்மா, எங்க அம்மா இல்ல. ரா ஃபைலா எடுத்தா கறுப்பு எவ்ளோ கறுப்பு, விபூதி எவ்ளோ வெள்ளைன்னு நான் முடிவு பண்றேன். எனக்கு கம்பேக்ட் வேணும்கிறதுக்கு இது ஒன்னு போதும், மெகாபிக்சல் எல்லாம் அப்புறம்.

இப்ப என் கையில இருக்கிறது ரிக்கோ ஜிஆர் 3. 2019-ல வந்த மாடல், செகன்ட் ஹேண்ட்ல வாங்குனேன். பேட்டரி கார்டோட சேத்து 257 கிராம். சட்டப் பையில போகும், தொங்காது. நான் பாயான் லெப்பாஸ்ல ஃபேக்டரி வேலை, ஷிஃப்டு. உள்ள கேமரா கொண்டு போகக் கூடாது, செக்யூரிட்டி கார்டு ஹவுஸ்ல போன் கேமரா மேலயே ஸ்டிக்கர் ஒட்டித்தான் விடுவாங்க, அதனால கேமராவ அங்க லாக்கர்ல வச்சுட்டுப் போவேன். பெரிய கேமரா பேக்கோட தெனம் அங்க நிக்க முடியுமா, செக்யூரிட்டி அண்ணனே "என்னாப்பா, கல்யாண ஆர்டரா"ன்னு கேப்பாரு. இத வாட்ச் கழட்டிப் போடுற மாதிரி போட்டுட்டுப் போயிடலாம். காலைல ஷிஃப்டு முடிஞ்சு மோட்டர்ல வரும்போது லிட்டில் இந்தியா லெபோ பசார் பக்கம் போயி ரொட்டி சானாய் சாப்ட்டுட்டு அப்படியே ஒரு சுத்து.

அங்க பூ கட்டுற அக்கா ஒருத்தங்க இருக்காங்க. வாழ நார தண்ணில நனச்சு மடியில போட்டுக்கிட்டு, ரெண்டு மல்லி இந்தப் பக்கம் ரெண்டு அந்தப் பக்கம் வச்சு ஒரு சுண்டு சுண்டி இழுப்பாங்க, வெரலே தெரியாது, அவ்ளோ வேகம். நான் மொதல்ல பெரிய கேமராவோட போயி "அக்கா, ஒரு படம் எடுத்துக்கவா"ன்னு கேட்டப்ப சரின்னாங்க, சரின்னு சொல்லிட்டு நாரக் கீழ வச்சுட்டு முந்தானய சரி பண்ணிக்கிட்டு நேரா உக்காந்து என்னயப் பாத்தாங்க. பாஸ்போர்ட் போட்டோ. ரெண்டு வாரம் கழிச்சு ஜிஆரோட போனப்ப அதே கேள்விதான் கேட்டேன், "அது என்னா தம்பி, ரேடியோவா"ன்னு கேட்டுட்டு கை நிக்காம கட்டிக்கிட்டே பக்கத்துக் கடக்காரரோட சண்டய தொடர்ந்தாங்க. அன்னிக்கு எடுத்ததுதான் படம். பிரிண்ட் போட்டுக் குடுத்தேன், சாமி படத்துக்குக் கீழ சொருகி வச்சிருக்காங்க.

ஜிஆர்ல ஸ்னாப் ஃபோக்கஸ்னு ஒன்னு இருக்கு, இத மட்டும் விரிவா சொல்றேன், ஏன்னா இதுக்காகத்தான் நான் அத வாங்குனேன். ஆட்டோஃபோக்கஸ் தேடிக்கிட்டு நிக்காது, முன்னாலயே 2 மீட்டர்னு வச்சுட்டா பட்டன ஒரே அழுத்தா அழுத்துனதும் லென்ஸ் நேரா 2 மீட்டருக்குப் போயி படம் எடுத்துரும். லென்ஸ் 18.3 மில்லிமீட்டர், பழைய ஃபிலிம் கணக்குல 28, அதாவது அகலமா புடிக்கிற லென்ஸ், எண்ணு கூடக்கூட தூரத்துல இருக்கிறது கிட்ட வரும். எஃப் 8 வச்சா சுமாரா 1 மீட்டர்ல இருந்து ரோட்டுக்கு அந்தப் பக்கம் வரைக்கும் ஷார்ப்பா இருக்கும். நம்ம ஊரு வெயிலுக்கு ஐஎஸ்ஓ (சென்சார் வெளிச்சத்த எவ்ளோ ஏத்திக் காட்டணும்ங்கிறது) 400 போட்டா எஃப் 8-லயும் ஷட்டர் செகண்டுல ஆயிரத்துல ஒரு பங்க விட வேகமா ஓடும். கண்ணுகிட்ட கொண்டு போக வேண்டாம், இடுப்புகிட்ட வச்சே எடுக்கலாம். எத்தன மீட்டர்னு கண்ணால அளக்க பழகிக்கிட்டா போதும், நான் ஒரு மாசம் அஞ்சடிக்கு ஒரு தடவ நின்னு தரையில இருக்கிற டைல்ஸ எண்ணிக்கிட்டு இருந்தேன், அப்ப வீட்டுல என்னயப் பத்தி என்ன நெனச்சாங்கன்னு கேக்காதீங்க.

இப்ப கொற. ஒன்னு ரெண்டு இல்ல.

பேட்டரி, சார்ஜுக்கு 200 படம்னு கணக்கு சொல்றாங்க. நான் மூணு பேட்டரி வச்சிருக்கேன், சின்ன கேமரா சின்ன கேமரான்னு சொல்லிட்டு பேன்ட் பாக்கெட்ல பேட்டரியோட நடக்குறேன். கண்ணு வச்சுப் பாக்குற வியூஃபைன்டர் இல்ல, மத்தியானம் கடலோரம் எஸ்பிளனேட்ல நின்னா ஸ்கிரீன்ல தெரியுறது என் மூஞ்சியும் வானமும்தான், குத்துமதிப்பா எடுக்க வேண்டியது. மழைக்குத் தாங்காது. முந்தின மாடல் வரைக்கும் இருந்த ஃப்ளாஷ இதுல எடுத்துட்டாங்க, அதனால அக்கா மகளுக்கு இது மொதல்லயே லிஸ்ட்ல இல்ல.

அப்புறம் சூம் இல்ல. அவ அரங்கேற்றத்துக்கு நான் பெருமையா இத மட்டும் எடுத்துக்கிட்டுப் போனேன். பெரியப்பா, அத்தை எல்லாம் முன்னால உக்காந்துட்டாங்க, நான் மண்டபத்துல பதினாலாவது வரிசை. 28-ல மேடை முழுக்க வந்துச்சு, திரை வந்துச்சு, குத்துவிளக்கு வந்துச்சு, முன்னால உக்காந்திருந்த ஒரு மாமாவோட வழுக்கத் தல ரொம்ப ஷார்ப்பா வந்துச்சு, நடுவுல எறும்பு மாதிரி அவ. இன்னும் சொல்லிக் காட்டுவா. "மாமா எடுத்த படத்துல என்னயத் தேடிக் கண்டுபிடிக்கிறவங்களுக்குப் பரிசு"ன்னு.

அதுக்கு சூம் உள்ள கம்பேக்ட் வாங்கலாம்லன்னா, வாங்குனேனே. பெட்டில எஃப் 1.8-னு பெருசா போட்டிருப்பாங்க, அது அகலமா வச்சா மட்டும்தான். மொத ஆர்எக்ஸ்100-ல 28-ல 1.8, இழுத்து 100-க்குப் போனா 4.9. ஆக, எந்த எடத்துல வெளிச்சம் வேணுமோ அந்த எடத்துல லென்ஸ் இருட்டாயிரும். பின்னால மங்கலா வரும்னு ஆசப்பட்டும் வாங்காதீங்க, 1 இன்ச்ல 1.8-ங்கிறது ஃபுல் ஃப்ரேம்ல (பழைய ஃபிலிம் சைஸ் சென்சார்) ஏறக்குறைய எஃப் 5 குடுக்குற மங்கல்தான்.

நான் வச்சிருந்த சூம் கம்பேக்ட் எதுன்னு சொல்லப் போறதில்ல, ஏன்னா அது மேல தப்பு இல்ல, தப்பு தேங்கா மேல. தைப்பூசத்துக்கு மொத நாளு. லெபோ பினாங்குல கோவில் வீட்டுல இருந்து வெள்ளி ரதம் கெளம்பி தண்ணிமலைப் பக்கம் ஜாலான் கெபுன் புங்கா செட்டியார் கோயிலுக்குப் போகும்ல, வழி முழுக்க தேங்கா குமிச்சு வச்சிருப்பாங்க. நம்மாளுங்க மட்டும் இல்ல, சீனவங்களும் குடும்பத்தோட வந்து குமிப்பாங்க. ரதம் பக்கத்துல வந்ததும் ஆரம்பிக்கும் பாருங்க, மழைல தகரக் கூரை மாதிரி சத்தம், ரோடு முழுக்க தண்ணி, ஓடு எல்லாப் பக்கமும் பறக்கும். நான் கிட்ட போயி தரையோட தரையா குந்திக்கிட்டு, லென்ஸ முழுசா வெளிய நீட்டி வச்சுக்கிட்டு, ஓடு ஒடையிற அந்த நொடிக்காக காத்திருந்தேன். கெடச்சுது. படத்துல ஓடு ரெண்டா பிரிஞ்சு நடுவுல தண்ணி கண்ணாடி மாதிரி நிக்கும். அந்தத் தண்ணில பாதி லென்ஸ் குழாய் மேல விழுந்துச்சு. கைலிய வச்சுத் தொடச்சுட்டு ஆஃப் பண்ணேன், லென்ஸ் உள்ள போயிருச்சு, நானும் நிம்மதியா பந்தல்ல மோர் குடிச்சுட்டு வீட்டுக்கு வந்துட்டேன்.

தேங்காத் தண்ணில இனிப்பு இருக்குங்கிறத நான் யோசிக்கல. மறுநாள் காலைல காவடிய படம் எடுக்கப் போலாம்னு ஆன் பண்ணா, கிர்ர்ர்னு ஒரு சத்தம், லென்ஸ் பாதி வெளிய வந்து கொஞ்சம் சாஞ்ச மாதிரி நின்னுருச்சு. முன்னால மூடி இருக்கும்ல, ரெண்டு தகடு, ஒன்னு தொறந்திருக்கு ஒன்னு மூடியிருக்கு, தூக்கத்துல ஒத்தக் கண்ண தொறந்து பாக்குற மாதிரி. வெரல் நுனியால தள்ளிப் பாத்தேன், பிசுபிசுன்னு ஒட்டுது, தேங்கா நாரு ஒன்னு குழாய் இடுக்குல மாட்டியிருக்கு, மயிர் மாதிரி.

ரிப்பேர் கடை அங்கிள் ஒரே ஒரு தடவ ஆன் பண்ணிப் பாத்துட்டு தலய ஆட்டுனாரு. "தா போலே லா பாஸ்." முடியாதுன்னுட்டாரு. லென்ஸ மட்டும் தனியா கழட்டிக் கழுவ முடியாதாம், மோட்டர், லென்ஸ், சென்சார் எல்லாம் ஒரே பொட்டலமாத்தான் வருமாம், அத மாத்துற காசுக்கு இன்னும் கொஞ்சம் போட்டா வேற கேமராவே வாங்கிடலாமாம். பெரிய கேமரான்னா லென்ஸ் போச்சுன்னா லென்ஸ மாத்துவோம், பாடி போச்சுன்னா பாடிய மாத்துவோம். கம்பேக்ட் அப்படி இல்ல, கூட்டுக்குடும்பம், ஒருத்தருக்குக் காய்ச்சல்னா எல்லாரும் படுத்துருவாங்க.

தேங்காத் தண்ணிகூட வருஷத்துல ஒரு நாள்தான். பூஞ்சை பன்னெண்டு மாசமும். நம்ம பினாங்குல காத்துல எப்பவும் ஈரப்பதம் ஜாஸ்தி, லென்ஸுக்கு உள்ள சிலந்தி வலை மாதிரி வெள்ளையா ஒரு கோடு ஓட ஆரம்பிக்கும், மொதல்ல தூசின்னு நெனப்போம். அதுக்குத்தான் ட்ரை கேபினெட், நான் ஈரப்பதம் 45 சதவீதத்துல வச்சிருக்கேன். ஆனா இங்கதான் ஒரு வேடிக்க. பெரிய கேமரா கேபினெட்டுக்குள்ளயே தூங்கும், நல்லா இருக்கும். கம்பேக்ட்ட எதுக்கு வாங்குறோம், தெனம் கூடவே வச்சுக்கலாம்னு. தெனம் கூட இருந்தா அது இருக்கிறது வேர்வை நனைஞ்ச சட்டப் பையில, மழை கோட்டு சுருட்டி வச்ச மோட்டர் பெட்டில. பாக்கெட்ல இருந்தா பூஞ்சை, கேபினெட்ல இருந்தா அது கம்பேக்ட்டே இல்ல. எனக்குத் தெரிஞ்ச ஒரே வழி, வீட்டுக்கு வந்ததும் போன சார்ஜ் போடுற மாதிரி கேமராவ கேபினெட்ல போடுறது. ஏர்கோன் ரூம்ல இருந்து வெளிய வரும்போது ஒரு ஜிப் பையில போட்டு அஞ்சு பத்து நிமிஷம் விடுங்க, இல்லன்னா லென்ஸ்ல கொத்துக்கொத்தா பனி புடிச்சு அந்த ஈரமும் உள்ள போகும்.

அக்கா மகளுக்கு கடைசில ஆச வந்தது ஃபுஜி எக்ஸ்100 மேல, வேற எது மேல வரும். அழகான சாமான், மறுக்கல. வியூஃபைன்டர் இருக்கு, ஃப்ளாஷ் இருக்கு, லென்ஸ் உள்ள வெளிய போகாது, முன்னால அடாப்டரும் ஃபில்டரும் போட்டுட்டா அஞ்சாவது, ஆறாவது மாடல் எல்லாம் தூறலுக்குத் தாங்கும், தேங்காவுக்கும் தாங்கும்னு நெனக்கிறேன், சோதிக்கிற தைரியம் இல்ல. ஷட்டர் லென்ஸுக்குள்ளயே இருக்கிறதால கோயிலுக்குள்ள எடுத்தாலும் பக்கத்துல கும்புடுறவங்களுக்குக் கேக்காது. ஆனா ஆறாவது மாடல் 2024-ல வந்தப்பவே 1,599 டாலர், எடை 521 கிராம், சட்டப் பையில போட்டா சட்ட ஒரு பக்கமா கோணிக்கும். அதுக்கு முந்தின மாடல் ஆன்லைன்ல வைரலாகி, பழசு புதுச விடக் கூட வெலைக்குப் போச்சு. ஒரு வருஷம் பகுதி நேர வேலை செஞ்சு சேத்த காச ஒரே பொருள்ல போடுறதான்னு நான் கேட்டேன், அவ பதில் சொல்லல, போன்ல வெலயப் பாத்துக்கிட்டு இருந்தா.

என்னோட சிபாரிசு 1 இன்ச் சூம் ஏதாவது செகன்ட் ஹேண்ட்ல, லென்ஸ்ல டார்ச் அடிச்சுப் பாத்து, பத்து தடவ ஆன் ஆஃப் பண்ணி சத்தம் கேட்டு, வாங்குறதுதான். அவளுக்கு ஃப்ளாஷ் வேணும், ஃப்ரெண்ட்ஸோட சாப்புடப் போற எடத்துல எடுக்கணும், தூக்கிப் போட்டா மனசு வலிக்கக் கூடாது. அதுக்கு அது சரி. நான் எனக்குப் புடிச்சத அவ தலையில கட்டக் கூடாதுன்னு ரொம்ப கவனமாத்தான் பேசுனேன், ஆனாலும் ஸ்னாப் ஃபோக்கஸ் பத்தி அரை மணி நேரம் சொல்லிட்டேன்.

எல்லாத்தயும் கேட்டுக்கிட்டா. போன ஞாயித்துக்கிழமை காலைல ஃப்ரெண்டோட லோரோங் கூலிட் போயி, பழைய சாமான் விக்கிற ஒருத்தர்கிட்ட 60 வெள்ளிக்கு ஒரு வெள்ளிக் கலர் கம்பேக்ட்ட வாங்கிட்டா. லென்ஸ் நல்லா வருது, ஃப்ளாஷ் அடிக்குது, பேட்டரிகூட நிக்குது. கார்டு போடுற எடத்தப் பாத்தேன், எக்ஸ்டி கார்டு. ஒலிம்பஸும் ஃபுஜியும் சேந்து 2002-ல கொண்டு வந்து, அப்புறம் அவங்களே கைவிட்ட கார்டு, இப்ப எந்தக் கடையிலயும் தொங்காது. கேமராக்குள்ளயே இருக்கிற மெமரில ஒம்போது படம் புடிக்குது. கேபிளும் இல்ல, அந்த ஓட்டையோட ஷேப்ப நான் பாத்ததே இல்ல.

அதுக்கு அவ ஒரு வழி கண்டுபிடிச்சிட்டா. ஒம்போது படம் எடுக்கிறா, கேமரா ஸ்கிரீன ஹேண்ட்போன்ல படம் புடிச்சு வாட்சப்ல அனுப்புறா, அப்புறம் எல்லாத்தயும் அழிச்சுட்டு மறுபடியும் ஒம்போது. நேத்து ராத்திரி எங்க அம்மாவ எடுத்து அனுப்பியிருந்தா. மூஞ்சி முழுக்க ஃப்ளாஷ், பின்னால கும்மிருட்டு, ஸ்கிரீன்ல வெரல் ரேகை, மூலையில பேட்டரி செவப்பா மின்னுது. விபூதி மட்டும் நல்லாத் தெரிஞ்சுது.